பொன்னம்மாள் அக்காள்: ஊரார் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய்

சென்ற மாதம், மழை விடாத ஒரு காலையில், ஒரு தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்குப் போயிருந்தோம். இப்போது அங்கே சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு போட்டிருக்கிறது. ஆனாலும் மலைக்குப் போகிற தாய்மார் வாயில் அது இன்னமும் மடுவந்தான். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியபடியே ஒரு தாய் ஓடிவந்து, எட்டு மாதப் பிள்ளையை ஆயாவின் கையில் கொடுத்தார். "ராவெல்லாம் வயித்தால போகுது அக்கா, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பணிய இறங்கிப் போனார்.

ஆயா பிள்ளையை வாங்கினார். துணியை அவிழ்த்தார். வெந்நீரில் கழுவித் துடைத்து, வேறு துணி சுற்றித் தொட்டிலில் போட்டார். மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ஆள் அனுப்பினார். கையைச் சவுக்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்களைப் பற்றி எங்கள் பத்திரிகையில் எழுதலாமா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "எங்களப் பத்தி எழுத என்னங்க இருக்கு? நாங்க பீத்துணி அலசுறவங்கதானே!"

அந்தப் பேச்சு எங்களை விடவில்லை. இருபது வருடமாகத் தோட்டத்துப் பிள்ளைகளை வளர்த்துவிட்ட ஒரு பெண், தன் வேலையைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு வார்த்தைதான் வைத்திருக்கிறார். அதனால் இந்த மாதப் பாடத்தில், அதே துணியை அலசிய இன்னொரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று நினைத்தோம். அவர் பெயர் பொன்னம்மாள்.

இது நடந்தது நூறு வருடத்துக்கு முன்னே, திருநெல்வேலிச் சீமையில். அந்தப் பக்கத்திலிருந்தும், திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்தும் நம் பாட்டன் பூட்டன்மார் கங்காணிமாரோடு புறப்பட்டு வந்த காலம் அது. தட்டப்பாறை முகாமில் தங்கி, தூத்துக்குடியில் கப்பலேறி, இந்த மலைகளுக்கு வந்தவர்கள் நம்மில் பலருடைய குடும்பத்திலும் உண்டு. அவர்கள் கப்பலேறிய அதே ஜில்லாவில்தான் பொன்னம்மாளும் வாழ்ந்தார்.

அவர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். சிறு வயதிலேயே கலியாணம் கட்டி, சிறு வயதிலேயே புருஷனை இழந்தவர். கையிலே ஒரு பெண்குழந்தை. மாமனார் வீட்டோடு இருந்தார். வேதக்கார வீடானாலும், விதவைக்கு ஊர் போட்ட கட்டு அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டு வேலை செய்யலாம், கோயிலுக்குப் போகலாம், மூலையில் இருக்கலாம். அதற்கு மேலே ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லமாட்டார்கள்.

1895இல் ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண் தென்னிந்தியாவுக்கு வந்தார். அதற்கு முந்திய வருடம் சில காலம் இலங்கையிலும் இருந்தவர். அவர் தமிழ் படித்து, பண்ணைவிளை என்ற ஊரில் தங்கி, சில தமிழ்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராய்ப் போய் வேதம் சொல்லி வந்தார். 1897 அளவில் பொன்னம்மாள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். ஒரு விதவை மாமனார் வீட்டு வாசற்படியைத் தாண்டி, வெள்ளைக்காரப் பெண்ணோடு வண்டியேறிப் போவதென்றால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நம் லயத்துப் பேச்சைத் தெரிந்தவர்களுக்கு அது விளங்கும்.

1901 மார்ச்சில்தான் கதை திரும்புகிறது. பெருங்குளம் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காக வைக்கப்பட்டிருந்த ஒரு சிறு பெண் அங்கிருந்து தப்பி ஓடி பண்ணைவிளைக்கு வந்து சேர்ந்தாள். அவள் சொன்னதைக் கேட்ட பிறகுதான், சிறு பிள்ளைகளை இப்படி விட்டுவிடுகிற வழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஏமி அம்மையார் தேடிப் பார்க்கத் தொடங்கினார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வாசகர்களில் பெரும்பாலானவர்கள் சைவர்கள். இது ஒரு மதத்தைக் குறை சொல்லுகிற கதையல்ல. அந்த வழக்கத்தை எதிர்த்துக் கடைசிவரை போராடியவர்களில் முன் நின்றவர்கள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் டோனாவூர் என்ற கிராமத்தில் அவர்களுக்கு வீடு அமைந்தது. 1904இல் பச்சைக் குழந்தைகளும் வந்தன. பிறந்து சில நாளேயான குழந்தைகள். பெற்ற தாய் இல்லை, தாய்ப்பால் இல்லை. ஊருக்குள் பால் கொடுக்க ஒரு தாயைத் தேடினால், வேறு சாதிப் பிள்ளைக்கு முலை கொடுக்கப் பெரும்பாலும் எவரும் முன்வரவில்லை.

இங்கேதான் எங்கள் ஆயா சொன்ன வார்த்தை அன்றும் எழுந்தது. அதுவரை அந்தப் பெண்கள் செய்த வேலைக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. புத்தகம் எடுத்துப் போவார்கள், வாசிப்பார்கள், பேசுவார்கள், ஜனங்கள் கூடி நின்று கேட்பார்கள். இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டு மூத்திரத்துணி அலசுவதா? பிள்ளைகளின் கால் நகம் வெட்டுவதா? ராத்திரி முழுக்கக் கண் விழிப்பதா? பிள்ளை வந்தால் தாயின் காலில் கட்டு விழும் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கட்டு இவர்கள் காலிலும் விழுந்தது. ஊர் ஊராய்ப் போக வேண்டியவர்கள் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்களே என்று பலரும் நினைத்தார்கள். ஏமி அம்மையாருக்கே அந்தக் கேள்வி மனசில் இருந்தது. இயேசுநாதர் கடைசி இராப்போசனத்தின்போது இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார் என்று யோவான் சுவிசேஷத்தில் வருகிறதே, அந்த இடத்தில்தான் அவர் தன் பதிலைக் கண்டுகொண்டார்.

ஆனால் நினைப்பில் பதில் கிடைத்தால் போதாதே! துணியை யார் அலசுவது? கூட இருந்த இளம்பெண்கள் பலவிதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். சில வேலைகளை வண்ணார் செய்வார்கள், சில வேலைகளைத் தோட்டி செய்வார், நம் கை அதில் படாது என்று வீட்டில் பழகியவர்கள். "நான் பிள்ளையைத் தூக்குவேன், அதைத் தொடமாட்டேன்" என்று இருந்தார்கள். பொன்னம்மாள் அவர்களுக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. எந்த வேலையை மற்றவர்கள் ஒதுக்கினார்களோ அந்த வேலையைத் தானே எடுத்துச் செய்தார். மூத்தவர் குனிந்து அலசுகிறதைப் பார்த்துக்கொண்டு இளையவர்கள் எத்தனை நாளைக்கு நிற்க முடியும்? கொஞ்சம் கொஞ்சமாக அவர்களும் வந்து பக்கத்தில் குந்தினார்கள்.

எங்களுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கட்டளை போட்டிருந்தால் பயந்து செய்திருப்பார்கள். அல்லது விட்டுப் போயிருப்பார்கள். நம் தோட்டங்களில் எத்தனை கூட்டத்தில் எத்தனை பேர் "சுத்தமாக இருங்கள்" என்று பேசிவிட்டுப் போகிறார்கள்! பேசிவிட்டுப் போகிறவர்களில் நாங்களும் உண்டு, மறைப்பானேன்.

டோனாவூரில் அப்போது டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. குழந்தைகளுக்குச் சுகமில்லாமல் போனால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சில குழந்தைகள் இறந்துபோயின. ஆகவே 1905இல், மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், அன்றைய திருவிதாங்கூர் ராச்சியத்தில் இருந்த நெய்யூரில் ஒரு குழந்தைகள் வீட்டை ஆரம்பித்தார்கள். நெய்யூர் இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 1838இலேயே தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. டோனாவூரிலிருந்து மாட்டு வண்டியில் போனால் ஒரு நாளுக்கு மேலே ஆகும். அவ்வளவு தூரத்தில், பச்சைக் குழந்தைகளோடு, யாரை நம்பி விடுவது? பொன்னம்மாளை நம்பி விட்டார்கள்.

அவர் நர்ஸ் படிப்புப் படித்தவரல்ல. ஆஸ்பத்திரி டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார். தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு எந்தப் பாலை எவ்வளவு தண்ணீரில் கலப்பது, எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது, போத்தலை எப்படிச் சுத்தமாக்குவது, எந்தக் குழந்தைக்கு எந்த அளவு என்று. இது சின்ன விஷயம் இல்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம், வெயில் கொளுத்துகிற ஊர். காலையில் கறந்த பால் மத்தியானத்துக்குள் கெட்டுவிடும். ஒரு போத்தலில் ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய பாலே ஒரு குழந்தையைக் கொல்லப் போதும். பகலில் பத்துத் தடவை, ராத்திரியில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் அதே கவனம். ஒரு தடவை சோம்பினாலும் போயிற்று.

அவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு சமயம் அந்த வீட்டில் சீதபேதி பரவியது. பல குழந்தைகள் இறந்தன. எத்தனை ராத்திரி மடியில் போட்டு ஆட்டிய பிள்ளைகள், ஒன்றன் பின் ஒன்றாக அதே மடியில். அதற்குப் பிறகும் மறுநாள் காலையில் எழுந்து, மிச்சமிருந்த குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச வேண்டுமல்லவா? பொன்னம்மாள் காய்ச்சினார். செத்த பிள்ளைக்காக அழுதுகொண்டே உயிரோடிருக்கிற பிள்ளைக்குப் பால் ஊட்டுவது எப்படி என்பது பிள்ளை பறிகொடுத்த தாய்மாருக்குத் தெரியும். நாம் அதை எழுதிக் காட்ட முடியாது.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பாடத்துக்கு வருகிறோம். அந்தக் குழந்தைகள் எதனால் இறந்தன? வயிற்றோட்டத்தில் உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியே போய்விடுகின்றன. பெரியவர்கள் தாங்குவார்கள். சின்ன உடம்பு சீக்கிரத்தில் வற்றிவிடும். சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை வைத்தியர்கள் 1960களின் கடைசியில்தான் நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்டுகொண்டார்கள். பொன்னம்மாளிடம் அன்பு இருந்தது, சுத்தம் இருந்தது, விழிப்பு இருந்தது. இந்த ஒன்று மட்டும் இல்லை. நம்மிடம் அது இருக்கிறது. ஜீவனி பைக்கட் என்று நாம் எல்லோரும் அறிந்ததுதான்.

ஆனால் ஜீவனியை எப்படிக் கலக்குகிறோம்? நாங்கள் போன இடங்களில் பார்த்தது: அரைப் பைக்கட்டை ஒரு கிளாசில் போட்டுக் கலக்குகிறார்கள், மீதியை மடித்துக் கூரை இடுக்கில் செருகி வைக்கிறார்கள். அது சரியில்லை. உப்புக் கூடிப்போனால் பிள்ளைக்குக் கெடுதி. பைக்கட்டில் எழுதியிருக்கிறபடி, கொதித்து ஆறிய ஒரு லீட்டர் தண்ணீரில் முழுப் பைக்கட்டையும் கலக்க வேண்டும். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்கலாம். கலக்கி ஒரு நாள் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே கூடாது. "வயிறு காயட்டும்" என்று பாட்டிமார் சொல்லுவாங்க, அன்பில்தான் சொல்லுறாங்க, ஆனாலும் கேட்காதீங்க. கண் குழி விழுந்தாலும், மூத்திரம் போகாவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், பிள்ளை துவண்டு கிடந்தாலும், மருந்துக் கடைக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. நெய்யூரில் பொன்னம்மாள் பட்ட பாட்டில் பாதி, தாய்ப்பால் இல்லாத குறையால் வந்த பாடு. நம் பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை, தாய் மலையில் நிற்கிறார் என்பதுதான் குறை. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நாளில் இரண்டு தடவை இடைவேளை கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டின் பிரசவ சகாயச் சட்டத்தில் இருக்கிறது. மடுவம் இருக்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. மடுவம் இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது துரைமாரோ கணக்கப்பிள்ளையோ இரக்கப்பட்டுத் தருகிற சலுகை இல்லை. கேட்டு வாங்குங்கள்.

மறுபடியும் கதைக்கு வருவோம். டோனாவூரில் ஒருவரையொருவர் முறை சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஏமி அம்மையார் எல்லோருக்கும் "அம்மை". வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் "சித்தி". தமிழ்ப் பெண்கள் "அக்காள்". ஆண்கள் "அண்ணாச்சி". பொன்னம்மாள் அந்தப் பிள்ளைகளுக்குப் பொன்னம்மாள் அக்காள். மேட்ரன் என்றோ, மிஸ் என்றோ, ஆயா என்றோ இல்லை. பிள்ளை விழுந்து அழும்போது வாயில் வருகிற முறைதான் அவருக்குப் பதவியாக இருந்தது. நம் மடுவத்தில் அந்தத் தாய் "பாத்துக்கங்க அக்கா" என்றாரே, அதே முறை.

ஏமி அம்மையார் எழுதிய புத்தகங்களில் பொன்னம்மாள் பல இடங்களில் வருகிறார். தனக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக்கூடியவர் என்று அவரைத்தான் அம்மையார் நம்பியிருந்தார். அது நடக்கவில்லை. 1913இல் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று கண்டார்கள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்தார்கள். ஏமி அம்மையார் வேலைகளை விட்டுவிட்டுக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அத்தனை பேரைப் பார்த்துக்கொண்ட பெண்ணை, கடைசியில் மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு வருடம் நோவோடு இருந்தார். அந்த நோவைக் குறைக்க இன்றுள்ள மருந்தும் வைத்தியமும் அன்று இல்லை. 1915இல் காலமானார்.

புற்றுநோய் என்றதும் எங்களுக்கு நம் பெண்களின் பழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அரைப் பேரை விட்டுவிட்டு ஓடுவாங்க. தனக்கு மார்பில் கட்டி இருந்தால், கீழ்ப்பாகத்தில் இரத்தம் பட்டால், மாதக்கணக்காக யாரிடமும் சொல்லமாட்டாங்க. வெட்கம் ஒரு பக்கம், பேர் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். 1996 முதல் நம் நாட்டில் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயங்கள் மூலம், முப்பத்தைந்து வயதான பெண்களைச் சோதித்துப் பார்க்கிற கிளினிக் நடக்கிறது. சுவநாரி கிளினிக் என்று சொல்லுவார்கள். காசு இல்லை. நோவு இல்லாதபோதே போக வேண்டிய கிளினிக் அது. எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். மடுவத்து ஆயாமாரும் போக வேண்டும். அவர்கள் போகிற அன்றைக்குப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று தோட்டம்தான் யோசிக்க வேண்டும்.

பொன்னம்மாள் இறந்த மூன்று வருடத்தில், 1918இல், அவருடைய வாழ்க்கையை ஏமி அம்மையார் தனிப் புத்தகமாக எழுதினார். அந்தக் காலத்தில் அரசர், துரைமார், பாதிரிமார் வாழ்க்கைதான் புத்தகமாக வரும். பால் போத்தல் கழுவிய ஒரு தமிழ் விதவையின் பெயரைப் புத்தக அட்டையில் போட்டிருக்கிறார்கள் என்றால், அந்த வீட்டில் அவருக்கு இருந்த இடம் விளங்கும். ஏமி அம்மையார் பின்னாளில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டு, ஏறக்குறைய இருபது வருடம் கட்டிலோடு இருந்து 1951இல் காலமானார். அவருடைய அடக்க இடத்தில் கல்லறைக் கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு கல் தொட்டி இருக்கிறது. அதில் "அம்மை" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

எங்கள் மடுவத்துப் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். அன்றைக்கு மிட்வைஃப் மிஸ் வந்து பார்த்தார். தாயை மலையிலிருந்து கூப்பிட்டுப் பால் கொடுக்க வைத்தார்கள். ஆயா ஒரு லீட்டர் போத்தலில் அளந்து ஜீவனி கலக்கி, கரண்டி கரண்டியாய் ஊட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிட்டதாகச் சொல்லியனுப்பினார்.

அடுத்த தாய்மார் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை யாராவது உரக்க வாசித்துவிட்டு, கீழே உள்ளவற்றைப் பேசிப் பாருங்கள். எழுதத் தெரிந்தவர் ஒருவர் பதில்களை எழுதி எங்களுக்கு அனுப்பினால் நல்லது.

உங்கள் மடுவத்தில் கை கழுவச் சவுக்காரமும், கொதித்து ஆறிய தண்ணீரும் எல்லா நாளும் இருக்கின்றனவா? இல்லாத நாளில் ஆயா யாரிடம் போய்ச் சொல்லுவார்?

பால் கொடுக்கும் தாய்மாருக்கு உங்கள் தோட்டத்தில் இரண்டு இடைவேளையும் கிடைக்கின்றனவா? எந்த மலையிலிருந்து மடுவத்துக்கு வந்துபோக எவ்வளவு நேரமாகிறது?

உங்கள் வீட்டில் பிள்ளையின் துணியை யார் அலசுகிறார்? தகப்பன்மாரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

உங்களை வளர்த்த மடுவத்து ஆயாவின் முழுப் பெயர் உங்களுக்குத் தெரியுமா?